ஞாயிறன்று பொறுக்குகிறோம், திங்களன்று திரும்பி வருகிறது: கடற்கரைக் குப்பையில் எங்கே கை வைப்பது?

கொட்டிவாக்கம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே கொட்டிவாக்கத்தை ஒட்டிய கடற்கரையில், எங்கள் பகுதியைச் சேர்ந்த பதினைந்து இருபது பேர் மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குப்பை பொறுக்கி வருகிறோம். எங்களுக்கு அமைப்பு என்றோ பதாகை என்றோ எதுவும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, கையுறைகள், அரிசி மண்டியிலிருந்து வாங்கி வரும் பழைய சாக்குகள், இவ்வளவுதான் எங்கள் உடைமை. முதலாண்டில் இருந்த ஊக்கம் இப்போது குறைந்துகொண்டே போகிறது. அதன் காரணத்தை மறைக்காமல் எழுதி, கடலோடும் கரையோடும் பழக்கம் உள்ளவர்களிடம் வழி கேட்கலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

சென்ற கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று நாற்பது சாக்குகளை நிரப்பிச் சாலையோரம் அடுக்கிவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பினோம். மறுநாள் விடியற்காலையில் நான் நடைக்குப் போனபோது, அலை ஏறி இறங்கிய கோடு நெடுகிலும் ஆகாயத்தாமரைத் தண்டுகளோடு பின்னிக்கொண்டு ஏறக்குறைய அதே அளவு குப்பை மீண்டும் கிடந்தது. பால் உறைகள், மாத்திரை அட்டைகள், ஒற்றைச் செருப்புகள், தெர்மோகோல் துண்டுகள், மூடி போட்ட தண்ணீர் பாட்டில்கள். குனிந்து ஒரு ஷாம்பூ உறையை எடுத்துப் பார்த்தேன். நிறம் முழுவதும் வெளுத்திருந்தாலும் விலை மட்டும் படிக்க முடிந்தது: 50 காசு. அந்த விலைக்கு ஷாம்பூ விற்ற காலம் போய் எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று எண்ணியபோது, நாங்கள் எத்தனை ஆண்டுக் குப்பையோடு போராடுகிறோம் என்பதும் எனக்கு விளங்கியது.

இரண்டாவது கவலை, பொறுக்கியது எங்கே போகிறது என்பது. நாங்கள் அடுக்கி வைத்த சாக்குகளை ஏற்றிச் சென்ற வண்டி, அவற்றை மற்றக் குப்பையோடு ஒன்றாகக் கொட்டியதை எங்களில் ஒருவர் நேரில் பார்த்துவிட்டார். தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொட்டப்பட்டு வந்தது என்பதை இங்கே பலரும் அறிவார்கள். அந்தச் சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்து முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அப்படியானால் நாங்கள் கடலிலிருந்து எடுத்ததை, கடலுக்குப் போகும் வழியிலேயே கொண்டுபோய் வைக்கிறோமோ என்ற எண்ணம் வந்த பிறகு, சாக்கைத் தூக்கும்போது கை தளர்கிறது.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். எழுபது வயதிலும் ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறவர். சென்ற வாரம் அவர் கேட்டார்: “மூன்று வருஷமாகப் பொறுக்குகிறோமே, இது யார் போட்ட குப்பை என்று நம்மில் யாருக்காவது தெரியுமா?” ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன். தொடர்ந்து பொறுக்குவதில் பயன் உண்டா? உண்டென்றால், இதே பதினைந்து பேரின் உழைப்பை வேறு எந்த இடத்தில், எந்த விதத்தில் செலுத்தினால் கூடுதல் பலன் கிடைக்கும்?

வேதியியல் ஆசிரியை (பதில்)

உங்கள் முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியும்: பயன் உண்டு. நான் பாடம் நடத்தும் பொருளிலிருந்தே அதற்குக் காரணம் சொல்கிறேன்.

பாலித்தீன் உறையை உடைப்பது முக்கியமாகச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்தான். வெப்பமும் காற்றும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. கடல் நீரில் மிதக்கும் உறை குளிர்ந்திருக்கிறது, அதன் மேல் பாசியும் படிந்து ஒளியைத் தடுக்கிறது, ஆகவே அது மெதுவாகத்தான் சிதைகிறது. அதே உறை வெயிலில் காயும் மணலில் கிடந்தால் வெகு விரைவில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. பழைய உறையைத் தொட்டதும் அப்பளம்போல் கையிலேயே உதிர்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உதிரலை இனி எந்தச் சாக்கிலும் அள்ள முடியாது. பெரிய குப்பை நுண்துகளாக மாறும் பட்டறை கடற்கரை மணல்தான் என்பதால், நொறுங்குவதற்கு முன்னால் எடுக்கப்படும் ஒவ்வோர் உறையும் கணக்கற்ற துகள்களைக் கடலுக்குப் போகாமல் தடுக்கிறது. மறுநாள் வேறு குப்பை வந்து சேர்ந்தது என்பதால் முந்தைய நாள் உழைப்பு வீணாகிவிடவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்குவது கடலில் சேர்ந்ததன் முழுக் கணக்கு அன்று. பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட இலேசானவை, ஆகவே மிதந்து கரைக்கு வருகின்றன. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்ற பொருளும், வலை செய்யும் நைலானும் நீரைவிடக் கனமானவை. மூடி இறுக்கிய பாட்டில் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது. மூடி கழன்றதும் பாட்டில் அடியில் போகிறது, மூடி மட்டும் தனியே கரைக்கு வருகிறது. உங்கள் கரையில் பாட்டில்களைவிட மூடிகள் மிகுதியாகக் கிடந்தால், அந்த மூடிகளுக்குரிய பாட்டில்கள் எங்கே என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஆசிரியை கேட்டதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையன்று உலகெங்கும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள், 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தொடங்கியது. அவர்கள் வந்தவர்களிடம் பொறுக்குங்கள் என்று மட்டும் சொல்லாமல், பொறுக்கிய ஒவ்வொன்றையும் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் பல பத்தாண்டுகளாக உலகக் கரைகளில் மிகுதியாகக் கிடைத்தது சிகரெட்டின் அடித்துண்டு என்ற உண்மை வெளிவந்தது. பஞ்சு என்று நாம் நினைக்கும் அந்த வடிகட்டி, செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்.

எனவே எல்லா ஞாயிறும் எண்ண வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கரையில் நூறு மீட்டரை அளந்து, ஒவ்வொரு முறையும் அதே நூறு மீட்டரில் கிடைப்பதை மட்டும் எண்ணுங்கள். எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்துப் பிரிக்காமல், எந்தக் கையிலிருந்து வந்தது என்று பார்த்துப் பிரியுங்கள். சமையலறை, குளியலறை, மருந்துக் கடை, தேநீர்க் கடை, திருமண மண்டபம், வலை, கடற்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போட்டது என்று தனித்தனிக் குவியலாக வையுங்கள். ஓராண்டு முடிவதற்குள் அந்தக் குவியல்களே ஆசிரியைக்குப் பதில் சொல்லிவிடும்.

அந்த 50 காசு உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். கூலி வேலை செய்பவரும் வாங்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த பொருள் அது. ஆனால் பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படும் அத்தகைய உறையைக் காயலான் கடைக்காரர் ஒருபோதும் எடைக்கு எடுப்பதில்லை; பாட்டிலைப் பொறுக்க ஆள் உண்டு, உறையைப் பொறுக்க ஆள் இல்லை. கரையில் எது தங்குகிறது என்பதைப் பெரும்பாலும் எடைக்கடை விலைதான் தீர்மானிக்கிறது.

வலைக்காரன் (பதில்)

தம்பி, நான் உங்கள் கரைக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஃபைபர் படகில் தொழில் செய்து வருகிறவன். உங்கள் குழுவினரைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியை அம்மா சொன்ன கணக்கோடு, எங்கள் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குப்பை எங்கிருந்து வருகிறது என்று அறிய, அது எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது எங்கள் கடலில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும். அதே நாள்களில்தான் மழை வெள்ளம் அடையாற்று முகத்தை உடைத்துக்கொண்டு இறங்கும். அடையாறு கக்கியதை அந்த நீரோட்டம் பெசன்ட் நகர், திருவான்மியூர், உங்கள் கொட்டிவாக்கம் என்று வரிசையாகக் கரையில் ஏற்றிக்கொண்டே போகும். நீங்கள் திங்கட்கிழமை பார்த்தது அதுதான். சித்திரைக்குப் பிறகு தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் பிடிக்கும்போது, வருவது கோவளம் பக்கத்துச் சரக்கு. ஆகவே கார்த்திகையில் கரையில் நாற்பது சாக்கு நிரப்புவதைவிட, ஆவணி, புரட்டாசியிலேயே, முதல் பெருமழைக்கு முன்னால், ஆற்றிலும் கால்வாயிலும் வந்து விழும் மழைநீர் வடிகால் வாய்களில் பத்துச் சாக்கு நிரப்புங்கள். கடல் நீரில் நனைந்து, மணல் ஏறிக் கனத்துக் கிடப்பதை எடுப்பதும், காய்ந்த நிலையில் கால்வாய்க் கரையில் கிடப்பதை எடுப்பதும் ஒரே உழைப்பு அன்று.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் ஊரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. பருத்தி நூலில் வலை பின்னிய என் தாத்தா காலத்தில், கடலில் தொலைந்த வலை சில மாதங்களில் மக்கிப் போனது. இன்று நாங்கள் போடும் நைலான் நரம்பு வலை மக்குவதில்லை. பாறையில் சிக்கி அறுந்த வலை அங்கேயே நின்று, யாருக்கும் பயன்படாமல் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெரும் வலைச் சுருள் ஒன்று கரை ஒதுங்கியதை நானும் என் மகனும் கத்தியால் அறுத்துப் பிரித்தோம். உள்ளே நண்டு ஓடுகள் அடுக்கடுக்காக இருந்தன. நடுவில் ஒரு பங்குனி ஆமை, முன் துடுப்பில் வலையின் நரம்பு எலும்பு வரை அறுத்து இறங்கிய நிலையில், உயிரோடு கிடந்தது. அறுத்து விட்டதும் சிறிது நேரம் அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு கடலை நோக்கி நகர்ந்தது. அது பிழைத்ததா என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலைகளைக் கரையில் விரித்துச் செப்பனிடும் நேரம் அது. வெட்டிப் போடும் துண்டுகள் அங்கேயே மணலில் கிடந்து, ஆடிக் காற்றில் கடலுக்குப் போகின்றன. காசிமேட்டில் பயன்படாத வலைகளைச் சேகரிக்க ஒரு மையம் வந்திருக்கிறது, நைலானுக்கு எடுப்பாரும் உண்டு. ஆனால் சிறு குப்பத்துக்காரர் இரண்டு கிலோ கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போக மாட்டார். அந்த இரண்டு கிலோவை வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால், ஒருவரும் அதைக் கடலில் போட மாட்டார்கள். உங்கள் பதினைந்து பேர் இதைச் செய்யலாம். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து பேசுங்கள், அறிவுரையாகப் பேசாமல் உதவி கேட்பவர்களாகப் பேசுங்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் மண்வெட்டியோ வாரியோ கொண்டு மணலைக் கிளறாதீர்கள், கையால் மட்டும் பொறுக்குங்கள். இராவணன் மீசைப் புல்லிலும் அடப்பங்கொடியிலும் பிளாஸ்டிக் சிக்கியிருந்தால் பிளாஸ்டிக்கை மட்டும் எடுங்கள். சென்ற ஆண்டு வேறொரு குழுவினர் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொடியையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்; அது போனால் அடுத்த புயலில் எங்கள் வீடு போகும்.

கொல்லத்திலிருந்து (பதில்)

அண்ணன் வலைக்காரன் சொன்னதைப் படித்ததும், நான் வேலை செய்யும் ஊரில் நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. தூத்துக்குடிக்காரனான நான், கேரளத்தின் கொல்லத்தில் மீன் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன்.

இங்கே நீண்டகரை, சக்திகுளங்கரை என்று அருகருகே இரண்டு பெரிய மீன்பிடித் துறைமுகங்கள் உள்ளன. இழுவைமடியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் மீனோடு பிளாஸ்டிக்கும் ஏறும். மீனைப் பொறுக்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் தள்ளுவது எல்லாப் படகிலும் வழக்கமாக இருந்தது. படகில் இருப்பவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கரைக்குக் கொண்டுவந்தால் அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லாதபோது, இடமே இல்லாத படகில் அவர்கள் குப்பையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? 2017-இல் கேரள அரசு, அப்போதைய மீன்வளத் துறை அமைச்சர் மெர்சிக்குட்டி அம்மாவின் முயற்சியில், சுசித்வ சாகரம் என்ற பெயரில் இதற்கு ஒரு வழி செய்தது. படகுக்காரர்களுக்குப் பைகள் கொடுத்தார்கள். வலையில் ஏறும் பிளாஸ்டிக்கை அந்தப் பையில் போட்டுக் கொண்டுவந்தால், துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். உள்ளூர் மீனவப் பெண்களுக்குக் கூலி கொடுத்து அதைக் கழுவி, காய வைத்து, தரம் பிரிக்கச் செய்தார்கள். வேறு எதற்கும் உதவாததை அரைத்துச் சாலை போடுவதற்கு அனுப்பினார்கள். முதல் பத்து மாதங்களில் ஏறத்தாழ 25 டன் பிளாஸ்டிக் கடலிலிருந்து கரைக்கு வந்தது.

அரைத்த பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறை மதுரையில் பிறந்தது என்பதை இங்கே சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்டறிந்தது அது. சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் படலமாக மூடிக்கொள்ளும். அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும், நீர் இறங்காது. அதற்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எடைக்கடைக்காரர் தொடாத உறைகளுக்கும் இந்த வழியில் ஒரு போக்கிடம் உண்டு, பி.வி.சி. மட்டும் கலந்துவிடக் கூடாது, சூட்டில் அமில வாயு வரும்.

நான் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதில் கடினமான பகுதி கடலில் இல்லை, கழுவும் தொட்டியில் இருக்கிறது. கடலில் கிடந்த பிளாஸ்டிக்கில் உப்பு, மணல், சேறு, சிப்பி என்று எல்லாம் ஒட்டியிருக்கும்; அரைக்கும் இயந்திரத்தின் கத்தி அந்த மணலில் தேய்ந்துவிடும். ஒரு பையைக் கழுவி முடிக்க அந்தப் பெண்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்த்த பிறகுதான், கடலுக்குப் போன பிறகு ஒரு பொருளை மீட்பது எவ்வளவு விலை உயர்ந்த வேலை என்று எனக்குப் புரிந்தது. கொட்டிவாக்கம் நண்பரே, உங்கள் சாக்குகள் கலப்புக் குப்பையோடு போவதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஈரமும் மணலுமாக, எல்லாம் கலந்து கட்டிய சாக்கை எந்த மறுசுழற்சியாளரும் பிரிக்க மாட்டார். கரையிலேயே உதறி, வெயிலில் ஒரு மணி நேரம் காய வைத்து, பாட்டில் தனி, கெட்டிப் பிளாஸ்டிக் தனி, உறை தனி, வலை தனி என்று கட்டி வையுங்கள். பத்துச் சாக்கு குறைவாக நிரம்பினாலும் பரவாயில்லை.

நீர்கொழும்பார் (பதில்)

இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் எழுதியிருப்பது, யாரிடம் போய்ப் பேசலாம் என்று தெரிகின்ற குப்பையைப் பற்றியது. எங்களுக்கு வந்தது வேறு விதமானது.

2021 மே 20 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பல நாட்கள் எரிந்து ஜூன் 2 அன்று தாழத் தொடங்கியது. பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கு மூலப்பொருளான சிறு மணிகள் ஏறத்தாழ 1,680 தொன் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் ஜவ்வரிசி அளவுதான். ஒரு நாள் காலையில் கரைக்குப் போனபோது மணல் தெரியவில்லை. முழங்கால் அளவுக்கு வெள்ளை மணிகள் குவிந்து, அலை வரும்போது கஞ்சிபோல் தளும்பிக்கொண்டிருந்தன. இதைக் கையால் எப்படிப் பொறுக்குவது? மேலாகக் குவிந்ததை இராணுவத்தினரும் கடற்படையினரும் மூட்டைகளாக அள்ளினார்கள். மணலுக்குள் புதைந்ததை எடுக்கக் கரையோரக் கிராமத்து மக்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், மாதக்கணக்காகச் சல்லடையோடு உட்கார்ந்தார்கள். மணலை வாளித் தண்ணீரில் கொட்டினால் மணல் அடியில் நிற்கும், மணி மேலே மிதக்கும். அதை வலைக்கரண்டியால் எடுப்போம். ஒரு கடகம் மணலுக்கு ஒரு கைப்பிடி மணி. அடுத்த நாள் மழையோ பெரிய அலையோ வந்தால் அதே இடத்தில் மறுபடியும் மணி மேலே வரும்.

அந்த வேலை வீணா என்று எங்களையும் பலர் கேட்டார்கள். மீன் தின்னும், கடற்பறவை தின்னும் என்று தெரிந்த பிறகு அப்படியே விட்டுவிட எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய பதில். ஆனால் எந்தக் கரையில், எந்தத் திகதியில், எவ்வளவு ஒதுங்கியது என்பதைப் படமும் குறிப்புமாக வைத்துக்கொள்வது எவ்வளவு பெறுமதியானது என்பதைப் பின்னால் அறிந்துகொண்டோம். 2025 ஜூலையில் இலங்கையின் உயர் நீதிமன்றம் (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது), கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கடலுக்கு ஏற்பட்ட தீங்கை நீதிமன்றத்தில் காட்டுவதற்குக் கரையில் எழுதப்பட்ட குறிப்புகளும் வேண்டும்.

இது உங்களுக்குத் தொலைவான கதை அன்று. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதே மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலும் பின்னர் தனுஷ்கோடிப் பக்கமும் ஒதுங்கின. ஆசிரியை சொன்ன அட்டையில் ஜவ்வரிசி மணிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இன்று உங்கள் கரையில் எத்தனை கிடக்கிறது என்ற கணக்கு இருந்தால்தான், நாளை ஒரு கப்பல் கவிழ்ந்தால் எவ்வளவு புதிதாக வந்தது என்று உங்களால் சொல்ல முடியும்.

அந்தேரித் தமிழன் (பதில்)

மும்பையின் வெர்சோவா கடற்கரையில் சில ஞாயிறுகள் நானும் குனிந்திருக்கிறேன் என்பதால் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர், எண்பது வயதைத் தாண்டிய தம் அண்டை வீட்டுக்காரர் ஒருவருடன் அங்கே பொறுக்கத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் சேர்ந்தார்கள், 2016-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. 2018 மார்ச்சில் அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குள் இறங்கியதை ஊரே பார்த்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நவம்பரில், நூறு வாரங்களுக்கு மேல் உழைத்த பிறகு, பொறுக்கி வைத்த குப்பை அள்ளப்படாமல் கிடக்கிறது, வரும் தன்னார்வலர்கள் வசைக்கு ஆளாகிறார்கள் என்று சொல்லி அவர் வேலையையே நிறுத்தி வைத்தார் என்பது பலருக்கும் நினைவில் இல்லை. உங்களுக்கு இன்று வந்திருக்கும் தளர்ச்சி அவருக்கும் வந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மீண்டும் தொடங்கிய அவர் பின்னாளில் மித்தி ஆற்றுக்கும், கடலில் கலக்கும் கால்வாய்களின் ஓரத்துக் குடியிருப்புகளுக்கும் போனார். அங்கே போன பிறகுதான், குப்பை வண்டியே நுழைய முடியாத சந்தில் குடியிருப்பவர் பால் உறையைக் கால்வாயில் போடாமல் வேறு எங்கே போடுவார் என்ற கேள்வி எழுகிறது. எண்ணுவது நல்லது, ஆனால் எண்ணியதை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போகாவிட்டால், அட்டை நிரம்புமே தவிரக் கரையில் ஒன்றும் குறையாது. இதில் ஆசிரியையிடமிருந்து நான் சற்று மாறுபடுகிறேன்.

வேதியியல் ஆசிரியை (பதில்)

மாறுபாடு என்று நான் கருதவில்லை. எந்தச் சந்துக்குப் போவது என்று அறிவதற்குத்தான் அட்டை. எங்கள் மாணவர்கள் எண்ணியதில் ஒரு வடிகால் வாயின் அருகே மட்டும் தேநீர்க் கோப்பைகள் மிகுதியாக இருந்தன. தேடிப் போனபோது மூன்றே மூன்று கடைகள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை இருப்பதை அந்தக் கடைக்காரர்கள் அறிந்தே இருந்தார்கள். கண்ணாடிக் குவளையைக் கழுவத் தண்ணீரும் ஆளும் இல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஒரு கடைக்கு மாணவர்களே அண்டாவும் குவளைகளும் ஏற்பாடு செய்தார்கள். மற்ற இரு கடைகள் இன்னும் மாறவில்லை.

கொட்டிவாக்கம்வாசி (பதில்)

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எங்கள் குழுவின் சார்பில் நன்றி. எல்லாப் பதில்களையும் அச்செடுத்து ஆசிரியையிடம் கொடுத்தேன். மாலைக்குள் படித்து முடித்து, ஓரங்களில் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நேற்று, ஞாயிறன்று, சாக்கு நிரப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு நூறு மீட்டரை மட்டும் கயிறு கட்டி அளந்து எண்ணினோம். காலை முழுவதும் ஆயிற்று. நாங்கள் மூன்று ஆண்டுகளாக, கடற்கரைக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பகுதி என்று நம்பி, சுண்டல் கடைகளின் பக்கத்தில் அறிவிப்புப் பலகை வைத்துக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தால் அந்தக் குவியல் சிறியதாகத்தான் இருந்தது. சமையலறைக் குவியலும் குளியலறைக் குவியலும்தான் பெரியவை. அதாவது, எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வடிகால் வழியாக வந்தவை. நரம்பு வலைத் துண்டுகள் நாங்கள் நினைத்ததைவிட மிகுதி. அவற்றை இத்தனை நாளாகக் காய்ந்த பாசி என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறோம். ஜவ்வரிசி மணிகள் பதினொன்று கிடைத்தன. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம்.

மழை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் விழும் வடிகால் வாய்கள் நான்கு. குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அந்த நான்கு வாய்களுக்கும், மறுபாதி கரைக்கும் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். கரையில் எடுப்பதை உதறிக் காய வைத்து நான்காகப் பிரித்தால், பாட்டிலையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொள்வதாக எங்கள் பகுதி எடைக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உறைகளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை கலப்புக் குப்பையில் சேர்க்காமல் தனியே கட்டி வைக்கப் போகிறோம். சாலைப் பணிக்குத் துருவல் வாங்குபவர் யாரையாவது சென்னைப் பக்கத்தில் அறிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.

வலைக்காரன் அண்ணா, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து எந்தக் கிழமையில் கூடுகிறது என்று சொன்னால் நாங்கள் மூன்று பேர் மட்டும் வருகிறோம். ஆசிரியையும் வர விரும்புகிறார். கிழிந்த வலைக்கென்று சாக்குகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம்.

வலைக்காரன் (பதில்)

வெள்ளிக்கிழமை மாலையில் கூடுவோம். அன்று பெரும்பாலோர் தொழிலுக்குப் போவதில்லை. அம்மன் கோயில் திண்ணைக்கு ஆறு மணிக்கு வாருங்கள். ஆசிரியை அம்மாவுக்கு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். சாக்குகளையும் கையோடு கொண்டுவாருங்கள், என் வீட்டுப் பரணில் மட்டும் ஒரு சாக்குக்குக் குறையாமல் கிழிந்த வலை கிடக்கிறது.